மின்னஞ்சலை 'ஆர்கைவ்' செய்வது என்றால் என்ன? கணினியில் அதைத் தானாகவே நடக்க வைக்க முடியுமா?

வேலை முடிந்த மடல்களை அழிக்காமல், இன்பாக்ஸிலிருந்து எடுத்து வேறொரு ஃபோல்டரில் வைப்பதுதான் ஆர்கைவ். கரண்ட் பில் கட்டும்வரை மேசைமேல் கிடக்கும். கட்டியதும் ரசீதை பீரோவுக்குள் வைத்துவிடுவோம். அதே கதைதான். தேடினால் கிடைக்கும், கண்ணை உறுத்தாது.

தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளில் மடலைத் தேர்ந்தெடுத்து 'ஏ' விசையைத் தட்டினால் போதும். 2019-இல் வந்த மடல் 2019 என்ற ஃபோல்டருக்குத் தானே போய்விடும். ஆனால் நீங்கள் மாற்றாதவரை அந்த ஃபோல்டரும் பொதுவாக மின்னஞ்சல் சர்வரில்தான் இருக்கும், அதனால் இடம் மிச்சமாகாது. ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபியை கூகுள் டிரைவும் கூகுள் போட்டோஸும் சேர்ந்தே பங்கு போடுகின்றன. இடம் காலியாக வேண்டுமென்றால் கணக்கு அமைப்புகளில் ஆர்கைவ் போகும் இடத்தை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று மாற்றுங்கள். அதன்பின் ஆர்கைவ் செய்யும் மடல்கள் உங்கள் ஹார்டு டிஸ்குக்கு வந்துவிடும். ஜிமெயிலில் மட்டும் 'ஆல் மெயில்' ஃபோல்டரில் ஒரு பிரதி தங்கிவிடலாம்; அதையும் அழித்தால்தான் இடம் காலியாகும்.

சரி, தானாக நடக்க? அதற்கு 'மெசேஜ் ஃபில்டர்ஸ்' இருக்கிறது. வங்கியிலிருந்து வந்து 90 நாள் தாண்டிய மடலை இன்ன ஃபோல்டருக்கு நகர்த்து என்று ஒருமுறை எழுதி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி குறித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். தண்டர்பேர்டு திறந்திருக்கும்போது மட்டுமே இது ஓடும்.

ஆர்கைவ் செய்தாலே பேக்கப் எடுத்த மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: கணினிக்கு நகர்த்திய மடலுக்குப் பெரும்பாலும் அந்த ஒரே பிரதிதான், டிஸ்க் போனால் மடலும் போய்விடும்.