செயலியில் உடல் எடையைக் காட்டுதல்: கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டன் பயனருக்கு எடையை ஸ்டோனில் காட்ட வேண்டும். கிலோகிராமை 6.35 ஆல் வகுத்தால் போதுமா?

பதில்: போதாது. ஒரு பவுண்ட் 0.45359237 கிலோகிராம், 14 பவுண்ட் ஒரு ஸ்டோன். 69.8 கிலோகிராம் என்பது ஏறத்தாழ 153.88 பவுண்ட். இதில் 10 ஸ்டோனைக் கழித்துவிட்டு மீதியை முழு எண்ணாக்கினால், திரையில் "10 ஸ்டோன் 14 பவுண்ட்" என்று வரும். அப்படியோர் எடையை அந்நாட்டில் எவரும் சொல்வதில்லை. மொத்தப் பவுண்டை முதலில் 154 என முழுமையாக்கிவிட்டு, அதன் பிறகே 14 ஆல் வகுத்தால் 11 ஸ்டோன் எனச் சரியாக வரும்.

கேள்வி: ஜெர்மன் பயனர் 72,5 என்று உள்ளிட்டால் கோட்லின் நிரலாக்க மொழியில் எழுதிய என் செயலி நின்றுவிடுகிறது.

பதில்: எழுத்தை எண்ணாக்கும் toDouble() புள்ளியை மட்டுமே தசமக் குறியாக ஏற்கும், ஜெர்மனிலோ காற்புள்ளிதான் தசமக் குறி; ஆகவே அந்த லொகேலுக்குரிய (பயனரின் மொழி, நாட்டு அமைப்புக்குரிய) நம்பர்ஃபார்மேட் என்னும் எண் வடிவக் கருவியைக் கொண்டு படியுங்கள். அதிலும் ஒரு பள்ளம் உண்டு: ஜெர்மனில் புள்ளி ஆயிரம் பிரிக்கும் குறியாதலால், பழக்கத்தில் 72.5 என்று தட்டியவரின் எடை 725 கிலோகிராமாகிவிடும். எனவே வரம்புச் சோதனையும் தேவை. சர்வருக்கு அனுப்புவதை லொகேல் சாராத வடிவில் அனுப்புங்கள். எண்ணைச் சேமியுங்கள், திரையில் தெரியும் எழுத்தைச் சேமிக்காதீர்கள்.

கேள்வி: தரவுத்தளத்தில் "72.5 கிலோ" என்றே வைத்திருக்கிறேன். அதைப் பவுண்டாக மாற்றுவது எப்படி?

பதில்: முந்தைய பதிலின் கடைசி வாக்கியத்தைப் படியுங்கள்.

கேள்வி: பிரிட்டிஷ் மருத்துவமனைகளிலேயே கிலோகிராம்தான். வழக்கொழியும் ஸ்டோனுக்கு இத்தனை பாடு எதற்கு?

பதில்: மருத்துவர் எழுதுவது வேறு, குளியலறைத் தராசில் ஏறியவர் வீட்டில் சொல்வது வேறு. நாடு, மொழி வழக்கங்களைத் தொகுத்துத் தரும் யூனிகோடின் சிஎல்டிஆர் தரவில் ஆளின் எடைக்கு அமெரிக்காவுக்குப் பவுண்டும் பிரிட்டனுக்கு ஸ்டோனும் பவுண்டும் சேர்ந்ததும் தனியே குறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். ஆயினும் உங்கள் வாதத்தில் பாதி சரி: லொகேல் வெறும் ஊகம். கனடாவில் அரசு முறை மெட்ரிக். தம் எடையைப் பவுண்டில் சொல்வோரோ ஏராளம். ஆகவே அமைப்புகளில் அலகைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுங்கள்; பயனர் தேர்ந்தெடுத்த பின் லொகேல் அதை மாற்றக் கூடாது.

கேள்வி: அப்படியானால் ஸ்டோனை விட்டுவிடலாம், அல்லவா?

பதில்: நான் சொன்னது அதுவன்று. தேர்வு பயனருடையது, உங்களுடையதன்று.

கேள்வி: 150 பவுண்ட் என உள்ளிட்டவருக்கு மறுநாள் 149.9 என்று காட்டுகிறது.

பதில்: 68.0 கிலோகிராம் எனச் சுருக்கிச் சேமித்திருப்பீர்கள். 68,039 கிராம் என வைத்திருந்தால் 150.0 திரும்பி வரும்.

கேள்வி: "68.0 கிலோ" என்று எழுத்தாகச் சேமித்தால் இந்தச் சிக்கல் வராதல்லவா?

பதில்: வரும்.