வலிப்பு மாத்திரையும் போதையும்: கொடைக்கானல் மலையிலிருந்து வந்த கேள்விகள்

பழனி மலைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பல, வீட்டிலோ மருத்துவரிடமோ வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற ஒரு விஷயத்தைப் பற்றியவை. தயங்காமல் கேட்டதற்கு நன்றி. நானும் ஒளிக்காமல் பதில் சொல்கிறேன்.

என் தம்பிக்கு வயது 24. வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறான். குடிக்கிற நாளில் மட்டும் "ரெண்டும் சேர்ந்தா விஷம்" என்று மாத்திரையை விட்டுவிடுவான். தேரோட்டத்தன்று இரவெல்லாம் குடித்தான். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாள் சாயங்காலம் ஃபிட்ஸ் வந்துவிட்டது. ஏன்? – பூம்பாறை வாசகி

அம்மா, உங்கள் தம்பி சொல்கிற அந்த வாக்கியத்தை வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்கிற காரியம்தான், ஆனால் ஆளையே சாய்த்துவிடும்.

உள்ளே இருக்கும்வரை மது மூளையை அமுக்கி வைக்கிறது. அது இறங்க இறங்க மூளையின் பரபரப்பு ஏறும். நிறையக் குடிப்பவர்களுக்கு, கடைசி கிளாஸுக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வருவது இதனால்தான். வலிப்பு நோயே இல்லாதவர்களுக்கும் வரும். உங்கள் தம்பிக்கு அந்த நேரத்தில் உடம்பில் மருந்தும் குறைவு, ராத்தூக்கமும் இல்லை. மூன்றும் ஒரே நாளில் கூடிவிட்டன.

மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் அதிகமாகும். வால்ப்ரோயேட், மது இரண்டுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை. ஆனால் ஏதாவது ஒன்றை விட்டே ஆக வேண்டுமென்றால் கிளாஸை விடட்டும். குடித்த நாளிலும் மாத்திரையை வேளைக்குப் போட வேண்டும். மறந்துபோனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

இன்னொன்று. தினமும் குடிக்கிறவராக இருந்தால், வீட்டில் சத்தியம் வாங்கி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். திடீரென்று நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும். மருத்துவரிடம் அழைத்துப் போய் அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். "குளிருக்கு ஒரு கட்டிங்" என்கிற பேச்சையும் மலையில் அடிக்கடி கேட்கிறேன். மது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளுவதால் சூடேறியதுபோல் தெரியும். உண்மையில் உடம்பு சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

வட்டக்கானலில் ஹோம்ஸ்டேயில் வேலை செய்கிறேன். எனக்கு வலிப்பு உண்டு. வருகிற விருந்தாளிகள், "வெளிநாட்டில் ஃபிட்ஸுக்கு கஞ்சாதான் மருந்து" என்கிறார்கள். உண்மையா?

அதில் பாதி உண்மை இருக்கிறது தம்பி, அதனால்தான் எடுபடுகிறது. கஞ்சாச் செடியில் உள்ள கன்னாபிடியால் என்ற ஒரு பொருளைத் தனியாகச் சுத்திகரித்து, எபிடயோலெக்ஸ் என்ற மருந்தாக 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் டிராவெட், லெனாக்ஸ்-கஸ்டாட் என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்காக முதலில் வந்தது. உடல் எடைக்கு ஏற்ப அளந்து, ஈரல் பரிசோதனை செய்துகொண்டே கொடுப்பார்கள். அதில் போதை இல்லை.

போதை தருவது டிஎச்சி என்ற வேறு பொருள். பீடியில் சுருட்டித் தருகிற கஞ்சாவில் பெரும்பாலும் இருப்பது அதுதான். எவ்வளவு இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. கன்னாபிடியாலும் சும்மா இருக்காது: குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் வீரியத்தை ரத்தத்தில் ஏற்றி, ஆளைத் தூங்கி விழ வைக்கும். கஞ்சாவைப் போலவே இருக்கும் என்று சொல்லி விற்கிற செயற்கைச் சரக்கு இன்னும் மோசம், வலிப்பே வந்திராதவர்களுக்கும் வலிப்பை வரவழைத்திருக்கிறது. விருந்தாளி மூன்று நாளில் ஊருக்குப் போய்விடுவார். மாத்திரையை விட்டுவிட்டு அவர் பேச்சைக் கேட்டால் அவஸ்தை உங்களுக்குத்தான்.

போதைக் காளான் இயற்கையானதுதானே? அது வலிப்பைத் தூண்டுமா? – பெருமாள்மலை

அதிலுள்ள சைலோசைபின் வலிப்பைக் கிளப்புவதில் மதுவைப் போல் பேர்போனது அல்ல. ஆனால் அதை வைத்து நடக்கும் மருத்துவச் சோதனைகளில் வலிப்பு உள்ளவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. ஆகவே உங்களுக்குப் பாதுகாப்பானது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. மனநலத்துக்கு லித்தியம் எடுப்பவர்கள் தொடவே கூடாது. அந்தச் சேர்க்கையில் வலிப்பு வந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஆள்மாறாட்டம். மழைக்குப் பின் பைன் மரத்தடியில் முளைக்கும் சிவப்புக் குடை, மேலே வெள்ளைப் பொட்டு வைத்த காளான் வேறு வகை. அதன் நஞ்சு நேராக நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கலாம். சட்டப்படியும் சைலோசைபின் தடை செய்யப்பட்ட பொருள்.

காலேஜில் சிலர் வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறார்கள். என் தோழிக்கு வலிப்பு உண்டு. – பண்ணைக்காடு மாணவி

உடனே தடுங்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை தனியாகவே வலிப்பை உண்டாக்கக்கூடியது. டேபென்டடால் என்ற வலி மாத்திரைக்கும் அதே எச்சரிக்கை உண்டு. 2018இல் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே வலிப்பு உள்ள பெண்ணுக்கு இந்த இரண்டும் ஆகவே ஆகாது. பல்வலி, கால்வலிக்கு மருந்து வாங்கும்போதுகூட "எனக்கு வலிப்பு உண்டு" என்று சொல்லியே வாங்கச் சொல்லுங்கள். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலிப்பு உள்ளவர்கள் சளிக்கு யூகலிப்டஸ் தைலம் போட்டு ஆவி பிடிக்கலாமா? – மன்னவனூர்

வேண்டாம். வெறும் வெந்நீர் ஆவி போதும். யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் இரண்டும் வலிப்பைத் தூண்டக்கூடியவை என்று தென்னிந்திய மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் மலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் பாட்டில் என்பதால் சொல்கிறேன், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் பெரிய ஆபத்து.

நண்பர்களோடு தங்கியிருந்தபோது ஒருவனுக்கு ஃபிட்ஸ் வந்தது. போலீஸ் வருமே என்று பயந்து 108ஐக் கூப்பிடவில்லை. பிழைத்துவிட்டான். நாங்கள் செய்தது சரியா? – பெயர் வேண்டாம்

பயம் புரிகிறது. ஆனாலும் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் உயிரைக் காப்பாற்ற வருகிறவர்கள். என்ன எடுத்தான், எப்போது, எவ்வளவு என்று மறைக்காமல் சொன்னால்தான் சரியான மருந்து போட முடியும். தானாகச் சிகிச்சைக்கு முன்வருகிற போதை அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ என்ற பிரிவும் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் இருக்கிறது.

அடுத்த முறை முதலில் மணியைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே ஸ்வெட்டரை மடித்து வையுங்கள், கழுத்துப் பட்டனைக் கழற்றுங்கள். கையில் சாவி திணிப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ 108. போதையில் வந்த வலிப்பு என்றால் 5 நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். இங்கிருந்து வத்தலக்குண்டு இறங்கவே வெகுநேரம் ஆகும். வலிப்பு உள்ள நண்பரோடு மலையேறுகிறீர்கள் என்றால், வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே அவருக்குத் தேவையா என்று அவருடைய மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள். அது யார் பையில் இருக்கிறது என்று கூட வருகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.