வாசகர் கேள்வி-பதில்: வாய் திறந்து கேட்காதவரின் வீடு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வந்தன. நாம் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறோமா, உதவுகிற விதம் சரிதானா என்பதுதான் அது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் முதுகில் ஆபரேஷன், நாலு மாதம் கடை பூட்டியே கிடந்தது. மனைவி பேரில் வாங்கிய குழுக்கடனுக்கு வாரா வாரம் தவணை. கட்ட முடியாத வாரம் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐந்து வேளையும் பள்ளிவாசலுக்குப் போகிறவன் நான். தோளோடு தோள் நின்று தொழுகிறவர்களில் ஒருவர்கூட "என்னப்பா ஆச்சு" என்று கேட்கவில்லை. ஜும்ஆ பயானில் சகோதரத்துவம் என்று கேட்டாலே மனசு கசக்கிறது.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கசப்பில் நியாயம் இருக்கிறது தம்பி, "பொறுமையாக இருங்கள்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். குர்ஆனில் 2:273 வசனத்தை எடுத்துப் பாருங்கள். தன்மானத்தால் கேட்காமல் இருக்கிற ஏழைகளை அது சொல்கிறது. விவரம் தெரியாதவன் அவர்களை வசதியானவர்கள் என்று நினைத்துக்கொள்வான், அடையாளத்தை வைத்துத்தான் நீர் அவர்களை அறிந்துகொள்வீர் என்கிறது. அப்படியென்றால் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை யாருடையது? கஷ்டப்படுகிறவருடையது இல்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு தொழுகையில் முதல் ஸஃப்பில் (வரிசையில்) நிற்கிற உங்களைப் பார்த்து, இந்த ஆளின் கடை ஏன் நாலு மாதமாகத் திறக்கவில்லை என்று யோசித்திருக்க வேண்டியது அந்த மஹல்லா, அதாவது அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த மக்கள். அதில் தவறியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஜகாத், அதாவது வசதியுள்ளவர்கள் கொடுத்தாக வேண்டிய கட்டாயத் தர்மம், பெறத் தகுதியானவர்கள் என்று 9:60 வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது, அதில் கடன்பட்டவர்கள் தனி வகை. ஜகாத் என்றால் கை நீட்டுகிறவருக்கு மட்டும்தான் என்று நம் ஊர்களில் ஒரு எண்ணம் ஊறிப்போயிருக்கிறது, நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. ஒருவருக்கு ஜகாத் பெறத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும்போது குடியிருக்கும் வீடு, வீட்டுச் சாமான், தொழில் கருவி இதெல்லாம் கணக்கில் வராது. கடையில் இருக்கிற சரக்கு வரும், ஆனால் கடனைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். உங்கள் கணக்கைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு இமாமைத் தனியாகப் பாருங்கள். அது பிச்சை இல்லை, அல்லாஹ் உங்களுக்கென்று ஒதுக்கிய பங்கு. இமாம் கைவிரித்தால் ஜமாஅத்தில் உங்களுக்கு நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் வாசலில் தவணைக்காரர் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மனைவி படுகிற கூச்சத்தையும் நினைத்துப் பாருங்கள்.

நான் குவைத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு ரமளானிலும் ஐம்பதாயிரம் ரூபாய் ஜகாத் அனுப்புவேன். வீட்டு வாசலில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆளுக்கு 500 என்று உம்மா கொடுத்துவிடுவார்கள். வழிவழியாக இப்படித்தான். நண்பன் ஒருவன் இது தவறு என்கிறான்.
– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

ஜகாத் நிறைவேறிவிடும். தகுதியானவர் கையில் போனால் கடமை முடிந்தது, அந்த அளவில் தவறு இல்லை. ஆனாலும் நான் உங்கள் நண்பர் பக்கம்தான். அந்த 500 ரூபாய் எத்தனை நாளுக்குக் காணும்? அடுத்த ரமளானிலும் அதே முகங்கள் அதே வரிசையில் நிற்கும், அவர்களோடு அவர்கள் பிள்ளைகளும் நிற்பார்கள். கூட்டத்தில் வேறு ஆபத்தும் இருக்கிறது. 2023 ரமளான் முடிய இரண்டு நாள் இருக்கையில் ஏமனின் சனா நகரில் ஒரு வியாபாரி பணம் கொடுக்கிறார் என்று திரண்ட நெரிசலில் பல பத்துப் பேர் மிதிபட்டு இறந்தார்கள். பெருநாளைக்குப் பிள்ளைக்குத் துணி எடுக்கலாம் என்று வந்தவர்கள்.

மதீனாவில் நடந்ததைப் பாருங்கள். மக்காவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களை, மதீனாவின் வசதியானவர்களில் ஒருவரான ஸஅது பின் ரபீஉ (ரலி) அவர்களோடு சகோதரராக நபி (ஸல்) இணைத்தார்கள். ஸஅது தன் சொத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்துர்ரஹ்மான் அவருக்காக துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது, அதைக் காட்டுங்கள் போதும் என்றார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கியவர், கொஞ்ச நாளில் தன் காலில் நின்றார். பாதியைக் கொடுக்க முன்வந்த மனசையும் வேண்டாம் என்ற மனசையும் நாம் மேடைதோறும் பேசுகிறோம், நடுவில் இருக்கிற சந்தையை மறந்துவிடுகிறோம். புதிதாக வந்தவருக்கு வழி காட்ட ஒருவர் இருந்தார், அவரை நம்பிச் சரக்கு வாங்க ஊர் இருந்தது. உங்கள் ஐம்பதாயிரத்தில் ஒரு பெண்ணுக்கு நல்ல தையல் மிஷினும் இன்னொருவருக்குத் தள்ளுவண்டியும் முதல் சரக்கும் வாங்கிக் கொடுங்கள். உம்மாவுக்கு வரிசையை நிறுத்த மனசு வராது, அதுவும் எனக்குப் புரிகிறது. பத்தாயிரத்தை அதற்கு வைத்துவிட்டு மீதியை இப்படிச் செய்யுங்கள். அப்புறம் முக்கியமாக, வண்டி வாங்கிக் கொடுத்தவரின் போட்டோவை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவர் மகள் படிக்கிற வகுப்பிலும் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது.

நானா, எங்கட உம்மும்மா 1990இல யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்தவர். நான் பிறந்தது புத்தளத்தில. பள்ளிக்கூடத்தில சண்டை வந்தால் இன்றைக்கும் "அகதி" என்றுதான் ஏசுவார்கள். மேடையில மட்டும் புத்தளத்து மக்களை, நபி காலத்தில அடைக்கலம் கொடுத்த மதீனாவாசிகள் மாதிரி அன்சாரிகள் என்று புகழ்வார்கள். எது உண்மை?
– வாசகி, புத்தளம், இலங்கை

இரண்டும் உண்மைதான் தங்கச்சி, அதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது.

தமிழக வாசகர்களில் நிறையப் பேருக்கு இந்தக் கதை தெரியாது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய எல்லோரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் தேதி ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் போய்விட வேண்டும் என்றார்கள். நகையும் பணமும் வழியிலேயே பறிபோயின. யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா என்று ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்துச் சுமார் 75,000 பேர் உடுத்திய துணியோடு கிளம்பினார்கள். அதில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்க்காரர்கள் பலர் படகில் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளம் பணக்கார ஊர் இல்லை, உப்பளமும் தென்னந்தோப்பும் மீனும் நம்பிய ஊர். அந்த ஊர் பள்ளிவாசலைத் திறந்துவிட்டது, பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது, தென்னந்தோப்பில் கிடுகு வேய்ந்து குடிசை போட இடம் கொடுத்தது, வீட்டில் ஆக்கிய சோற்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. அன்சாரிகள் என்ற பெயரை அந்த நாட்களில் அவர்கள் சம்பாதித்தார்கள்.

ஆனால் வந்தவர்கள் ஒரு மாதத்தில் திரும்பவில்லை. வருஷக்கணக்காகத் திரும்ப முடியவில்லை. வகுப்பில் பிள்ளைகள் இரட்டிப்பானார்கள், கிணற்றில் தண்ணீர் அதே அளவுதான். கூலி வேலைக்கு ஆள் பெருகியதும் கூலி குறைந்தது, உள்ளூர் ஏழைக்கு அது நேரே வயிற்றில் அடித்தது. நிவாரணம் அகதி முகாமுக்கு மட்டும் வந்தபோது, பக்கத்துக் குடிசையில் அதே வறுமையில் இருந்த உள்ளூர்க்காரர் வெறுங்கையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அந்த "அகதி" என்ற ஏச்சு இங்கேயிருந்துதான் வருகிறது. உங்களைப் புண்படுத்துகிற சொல்தான், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அதைச் சொல்கிற பையனின் பாட்டனார், தன் தோப்பில் யாருக்காவது இடம் கொடுத்தவராகவும் இருக்கலாம். முதல் மாதத்து இரக்கத்தை இருபது வருஷத்துக்கு இழுக்க முடியாது. அதற்குப் பிறகு தேவைப்படுவது கிணறு, கூடுதல் வகுப்பறை, இரண்டு பக்கத்து ஏழைக்கும் சமமாகப் பங்கிடுகிற நிர்வாகம். உங்கள் உம்மும்மாவிடம் ஒன்று கேளுங்கள்: முதல் இரவு சோறு கொடுத்த வீடு எது? அந்த வீடு இன்னும் இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

ஜமாஅத்தில் ஒரு குடும்பப் பிரச்சினை. மருமகளை அடித்து நகையையும் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். போலீசுக்குப் போகாதே, நம்ம ஆள், நாமே பேசிக்கொள்வோம், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறார்கள் பெரியவர்கள்.
– வாசகி, வேலூர் மாவட்டம்

உன் சகோதரன் அநியாயம் செய்தாலும் செய்யப்பட்டாலும் அவனுக்கு உதவு என்றார்கள் நபி (ஸல்). அநியாயம் செய்கிறவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டபோது, அவன் கையைத் தடுப்பதுதான் உதவி என்றார்கள். "நன்மையிலும் இறையச்சத்திலும் ஒத்துழையுங்கள்" என்ற 5:2 வசனத்தை ஜமாஅத் லெட்டர்பேடில் அச்சடிக்கிறோம். அதே வசனம் உடனேயே, பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒத்துழைக்காதீர்கள் என்கிறது. அந்தப் பெண்ணுக்கு உடனே பாதுகாப்பான இடம் வேண்டும், நகை திரும்ப வேண்டும். போலீஸ் அவள் உரிமை. பெரியவர்கள் உதவ விரும்பினால் ஸ்டேஷனுக்குத் துணையாகப் போகட்டும்.

இந்த ஒத்துழைப்பெல்லாம் நமக்குள் மட்டும்தானா?
– வாசகர், கடலூர் மாவட்டம்

உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத் கடற்கரைக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த மீனவ மக்களுக்கு இடம் கொடுத்து, நாள்கணக்கில் சமைத்துப் போட்டது. யாரும் நீ முஸ்லிமா என்று கலிமா கேட்டுச் சோறு போடவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் திறந்ததும், கொரோனாவில் சொந்தக்காரர்களே தொடப் பயந்த உடல்களை நம் பையன்கள் அவரவர் மத வழக்கப்படி அடக்கமும் தகனமும் செய்ததும் நீங்கள் பார்த்ததுதான். அந்த வேகம் வந்தது ஏற்கெனவே ஒன்றாக வேலை செய்து பழகியிருந்ததால். அண்டாவும் அடுப்பும் ஆளும் தயாராக இருந்த ஜமாஅத்தால்தான் அன்றைக்கே உலை வைக்க முடிந்தது.

எங்கள் தெருவில் பத்து இளைஞர்கள் சேர்ந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க பைத்துல்மால் (பொது நிதி) தொடங்கப் போகிறோம். ஆனால் ஒரே தெருவில் இரண்டு பள்ளிவாசல். ரமளான் இரவுத் தொழுகையான தராவீஹ் எட்டு ரக்அத்தா இருபதா என்று பேச்சே நின்றுபோன நிலை.
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

இரண்டு பள்ளியிலிருந்தும் சம அளவில் ஆள் போடுங்கள். தராவீஹ் பற்றிக் கூட்டத்தில் பேசுவதில்லை என்று முதல் நாளே எழுதி வையுங்கள். மய்யித்துக்குப் போர்த்துகிற கபன் துணிக்கு எட்டு, இருபது கிடையாது, ஆஸ்பத்திரி பில்லுக்கும் கிடையாது.

வேலையைப் பற்றி: ஜகாத் பணத்தைக் கடன் கொடுக்கிற பணத்தோடு கலக்காதீர்கள். ஜகாத் உரியவருக்குச் சொந்தமாகப் போய்ச் சேர வேண்டியது, அதற்குத் தனிக் கணக்கு. கடனுக்கு நன்கொடையும் ஸதகாவும் (விரும்பிக் கொடுக்கும் தர்மமும்) போதும். பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கித் திருப்பித் தருகிறோம் என்று மட்டும் இறங்காதீர்கள், சட்டச் சிக்கலில் மாட்டுவீர்கள். முதலில் சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவுசெய்து ஒரு ஆடிட்டரைப் பிடியுங்கள். வங்கிக் கணக்குக்கு இரண்டு கையெழுத்து. கடன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள், சாட்சி வையுங்கள். குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதுவதைப் பற்றித்தான். தெரிந்தவன், கேட்டால் தப்பாக நினைப்பான் என்று எழுதாமல் கொடுத்து, பணமும் போய் சலாமும் நின்றுபோன உறவுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நிஜமாகவே முடியாமல் தவணை தவறுகிறவருக்கு அவகாசம் கொடுங்கள், அதற்கும் 2:280 இருக்கிறது. கடன் வாங்கியவர் பட்டியல் நோட்டீஸ் போர்டுக்கு வரக் கூடாது, வரவு செலவு மொத்தக் கணக்கு மாதாமாதம் வர வேண்டும். கமிட்டியில் குறைந்தது மூன்று பெண்களாவது இருக்கட்டும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஆண்களுக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும்.

உதவ ஆசைதான், கையில் காசு இல்லை. நானே பீடி சுற்றிப் பிழைக்கிறேன். என்னால் என்ன முடியும்?
– வாசகி, தென்காசி மாவட்டம்

எனக்குப் பத்து வயசிருக்கும்போது வாப்பாவின் வியாபாரம் படுத்துவிட்டது. உம்மா யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா, அவரும் பீடி சுற்றித்தான் பிழைத்தார். திடீரென்று வாரத்துக்கு இரண்டு தடவை எங்கள் வீட்டுச் சல்லடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம் அல்லவா, சல்லடை திரும்பி வரும்போது அதில் கொஞ்சம் அரிசி மாவோ முருங்கைக் கீரையோ இருக்கும். வாப்பாவுக்கு வேறு வேலை கிடைத்த மாதத்தோடு சல்லடை கேட்பது நின்றது. ரொம்ப வருஷம் கழித்து அவர் மௌத்தான அன்று மய்யித்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் நான் பார்த்தேன், அவர்கள் அடுப்படிச் சுவரில் ஆணியில் இரண்டு சல்லடை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் பழையவை.