பேபிடால் ஆடு ஒண்ணு மட்டும் வாங்காதீங்க

கலிஃபோர்னியால வீட்டுப் பின்னாடி திராட்சைக் கொடிக்கு அடியில புல்லு மேய ஒரே ஒரு பேபிடால் சவுத்டவுன் (குட்டையான செம்மறி ஆட்டு இனம்) போதுமா, சின்னப் பசங்க இருக்காங்க, வெள்ளாட்டுத் தீவனமே போடலாமான்னு கேட்டிருந்தீங்க.

இனம் சரியான சாய்ஸ்தான் ப்ரோ. தோள் உயரம் 24 இன்ச்சைத் தாண்டாது, கொம்பு கிடையாது, ரொம்ப சாது, கொடியை உயரமா ஏத்திக் கட்டியிருந்தா மேல இருக்கற இலைக்கு எட்டாது, அதனாலதான் திராட்சைத் தோட்டக்காரங்க இதைத் தேடி வாங்கறாங்க. ஆனா தொங்கற இலை, இளங்கன்னோட பட்டை எல்லாத்தையும் கடிக்கும், அடித்தண்டுக்கு வலை சுத்திருங்க.

ஒத்தை ஆடுன்னா கத்திக்கிட்டே கிடக்கும், செம்மறி கூட்டமா இருந்தாதான் நிம்மதியா மேயும். ரெண்டா வாங்குங்க, காயடிச்ச கிடாவா பாத்து. சாது இனம்னாலும் காயடிக்காத கிடா முட்டும், பசங்க இருக்கற வீட்டுக்கு வேண்டாம்.

வெள்ளாட்டுத் தீவனம், தாதுக்கட்டி ரெண்டும் கூடவே கூடாது. அதுல காப்பர் ஜாஸ்தி, செம்மறிக்கு அது ஈரல்ல சேந்துக்கிட்டே போயி திடீர்னு ஒருநாள் கண்ணு மஞ்சளாகி ஒண்ணுக்கு காப்பி கலர்ல போகும், அப்புறம் காப்பாத்தறது கஷ்டம். கொடிக்கு பூஞ்சை வராம இருக்க போர்டோ கலவை மருந்து அடிப்பீங்கன்னா அதுவும் காப்பர்தான், அடிச்ச இடத்துல மேய விடாதீங்க.

வருஷத்துக்கு ஒருதடவை ரோமம் வெட்டணும், கண்ணை மறைக்கற முடியை நடுநடுவுலயும் கத்தரிச்சு விடுங்க.