சாகும் தறுவாயில் இருப்பவரிடம் கதை கேட்பதால் என்ன பயன்?

சாகும் தறுவாயில் இருப்பவரிடம் கதை கேட்பதும் சிகிச்சையா என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவின் வின்னிபெக் நகர மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினாவ் அதை ஒரு சிகிச்சையாகவே வடிவமைத்தார். 'வீட்டார் உங்களைப் பற்றி எதை நினைவில் வைத்திருக்க வேண்டும்?' என்பது போன்ற கேள்விகள். பதிலைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, நோயாளிக்கே வாசித்துக்காட்டுவார்கள். அவர் திருத்தியபின் குடும்பத்தின் கைக்குப் போகும். எனக்கு அந்த வாசித்துக்காட்டும் கட்டம்தான் உயிர்நாடி. 2005இல் வெளியான ஆய்வில் 100 பேரில் 91 பேர் திருப்தி என்றார்கள். 2011இல் வந்த பெரிய ஆய்விலோ மனத்துயர் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் உதவியாக இருந்தது என்றே நோயாளிகள் சொன்னார்கள்.

சரி, கேட்கும் மருத்துவருக்கு என்ன பயன்? நோயாளி உங்கள் தாத்தாவை நினைவூட்டியதால் அழுகை வந்தது என்று கேஸ் ஷீட்டில் எழுத முடியாதே! கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ரீட்டா ஷரான், மருத்துவ மாணவர்களை அதைத் தனியாக எழுதி, சக மாணவர்களிடம் வாசிக்க வைத்தார்.