இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லாதேயும்!

கேள்வி: எனக்கு வயது 27, கொழும்புத்துறையில் இருக்கிறேன். பண்ணைப் பாலத்தடியில் தூண்டில் போடுவது என் பழக்கம். இறப்பர் மீன் இரைகளைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கனடாவில் இருக்கும் மச்சான் ஆவணியில் வந்தபோது உருக்கிய பிளாஸ்ரிக்கை உறிஞ்சி அச்சுக்குள் தள்ளும் ஓர் அலுமினிய இன்ஜெக்டரும் வாலாட்டும் மீன் அச்சு ஒன்றும் உருக்கி வார்க்கும் பிளாஸ்ரிசோல் கூழ் இரண்டு போத்தலும் கொண்டுவந்து தந்தார். பழைய மைக்ரோவேவ் ஒன்றை நானே வாங்கினேன். முதல் மாதம் எல்லாம் அழகாக வந்தது. மழை தொடங்கியதிலிருந்து ஒன்றும் சரிவரவில்லை. இன்ஜெக்டரின் தண்டு இறுகி நிற்கிறது, தண்டில் மாட்டும் ஓ-றிங் வளையத்தைப் புதிதாகப் போட்ட பிறகும் அதே கதைதான். மீனின் வால் நிரம்புவதில்லை, முதுகில் குழி விழுகிறது, உடம்பெல்லாம் குமிழி. சில நாள் கலவை மஞ்சளாகிப் புகைகிறது. தூர நின்று சூடு பார்க்கும் துப்பாக்கி வெப்பமானி வைத்துத்தான் அளக்கிறேன். கிழிந்த இரைகளை வீசாமல் திரும்ப உருக்கிச் சேர்க்கிறேன். குசினியில் மணம் போகவில்லை என்று அம்மா ஏசுகிறார். பழைய இறப்பர்ச் செருப்பையும் உருக்கிச் சேர்க்கலாம் என்கிறான் நண்பன். மச்சானிடம் புது இன்ஜெக்டர் கேட்கலாமா?

பதில்: தம்பி, மச்சானுக்குத் தொலைபேசி எடுக்க முன் ஒரு கிழமை பொறும். உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதில் பழுதான பொருள் ஒன்றே ஒன்றுதான். அது நீர் காசு கொடுத்துப் புதிதாகப் போட்ட அந்த ஓ-றிங். மற்றதெல்லாம் சூட்டின் வேலை அல்லது ஈரத்தின் வேலை. "மழை தொடங்கியதிலிருந்து" என்று நீரே எழுதிவிட்டுப் பழியை இன்ஜெக்டரின் தலையில் போடுகிறீர்.

ஓ-றிங் கறுப்பா? மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் அளவு பார்த்து எடுத்ததா? அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. கிடைப்பதைப் போட்டுச் சமாளிக்கும் புத்தி நம்மை விட்டுப் போகாது, நானும் அதே கடைகளில் அலைந்தவன்தான். ஆனால் அந்தக் கறுப்பு வளையம் பெரும்பாலும் நைட்ரைல் இறப்பர். என்ஜின் எண்ணெய்க்கு அது தாக்குப்பிடிக்கும். பிளாஸ்ரிசோல் என்பது பிவிசி மாவை மென்மையாக்கும் ஓர் எண்ணெயில் கலந்துவைத்த கூழ். அந்த எண்ணெய் உள்ளே ஊறினால் நைட்ரைல் வளையம் மாரியில் நனைந்த மரக்கதவு போல வீங்கிவிடும். அதன்மேல் 170 பாகைச் சூடு வேறு. கழற்றிய வளையத்தை, போடாத புது வளையம் ஒன்றின்மேல் வைத்துப் பாரும். பெரிதாகத் தெரிந்தால் வேறு சாட்சி தேவையில்லை. உமக்கு வேண்டியது 200 பாகையைத் தாங்கும் சிலிக்கோன் வளையம். நிறத்தைப் பார்த்து எடுக்காதேயும், சிலிக்கோனா என்று கேட்டு எடும். போடும்போது ஒரு துளி சமையல் எண்ணெய் தடவினால் போதும். கிரீஸ் பூசவே கூடாது, அது சூட்டில் இளகி இரைக்குள் போய்விடும்.

தண்டு இறுகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறிப்போன மாவை இடியப்ப உரலில் போட்டுப் பிழிபவரைப் பார்த்திருப்பீர். கை நோகுமே தவிர உரல் அசையாது. குளிர்ந்த அலுமினியக் குழலுக்குள் சூடான பிளாஸ்ரிசோலை இழுத்தால் சுவரோடு ஒட்டிய படை அந்தக் கணமே உறைகிறது. முதல் தரம் இழுத்ததை அச்சுக்கு அனுப்பாமல் கோப்பைக்கே திருப்பித் தள்ளும். குழலுக்குச் சூடு ஏறிவிடும், இரண்டாம் தரம் இழுத்தது வழுக்கிக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் குழல் ஆறுவதற்குள் தண்டை முழுதாக வெளியே எடும். உள்ளே படிந்திருப்பது பாம்புச் சட்டை போல ஒரே உரியாகக் கழன்று வரும். அடுத்த நாள் பார்ப்போம் என்று விட்டால் கத்தியால் சுரண்ட வேண்டிவரும். சுரண்டினால் குழலில் கீறல் விழும். அந்தக் கீறலுக்குப் பிறகு எந்த ஓ-றிங் போட்டும் பயனில்லை. அப்போதுதான் உண்மையாகவே புது இன்ஜெக்டர் தேவைப்படும்.

இனி அந்தத் துப்பாக்கி வெப்பமானி. உமக்கு நடந்த பாதிக் கூத்துக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பொருளிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டே அது சூட்டைக் கணிக்கிறது. பளபளப்பான அலுமினியம் அந்தக் கதிரை மிகக் குறைவாகவே வெளிவிடும். சுற்றியிருக்கும் சுவரையும் கூரையையும் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். அச்சு கையைச் சுட்டாலும் கருவி 30 என்று சொல்லிக்கொண்டு நிற்கும். அச்சின் வெளிப்பக்கத்தில் மினுக்கமில்லாத கறுப்பு ரேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் குறிபார்த்து அளந்து பாரும். எண் எங்கேயோ ஏறும். உமது கைக்கும் கருவிக்கும் இருந்த பகை அதோடு தீர்ந்துவிடும்.

கோப்பையில் நடப்பது வேறு. அங்கே கருவி மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது. மேலே ஆடை படிந்து 150 காட்டும்போது நடுவில் 185 இருக்கலாம். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே மாதிரிச் சுடுவதில்லை. நீர் 150ஐப் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு நிமிடம்" என்று கதவைச் சாத்துகிறீர், நடு கருகிப் போகிறது. மஞ்சளும் புகையும் வந்த வழி இது. கிளறி, கிளறிய உடனே அளவும். உலோக முனையை உள்ளே விட்டு அளக்கும் வெப்பமானி கிடைத்தால் அதுவே மேல். பிளாஸ்ரிசோல் முதலில் பால் போல இருக்கும், பிறகு களி போலத் தடிக்கும், 165க்கும் 175க்கும் இடையில் தெளிந்து இளகும். ஊற்ற வேண்டிய நேரம் அதுதான். பனங்கட்டி காய்ச்சுகிறவர் பாகின் பதம் பார்த்துக் குட்டானில் வார்ப்பது போல, இங்கேயும் பதத்தைத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஒரு நிமிடம், பிறகு இருபது இருபது செக்கனாக வையும், ஒவ்வொரு தரமும் கிளறும். மச்சான் எழுதித் தந்த நிமிடக் கணக்கை மறந்துவிடும். அவருடைய அடுப்பு வேறு, உம்முடையது வேறு. போதாததற்கு, ஊர் முழுக்க விளக்குப் போடும் பொழுதில் 230 வோல்ற் என்பது பேருக்குத்தான். இரவில் மூன்று நிமிடம் எடுத்த கோப்பை பகலில் இரண்டு நிமிடத்தில் கருகலாம்.

வால் நிரம்பாததும் முதுகில் குழி விழுவதும் உடன்பிறப்புகள். வால் மெல்லியது. குளிர்ந்த அச்சுக்குள் பிளாஸ்ரிக் அங்கே போய்ச் சேருமுன் உறைந்துவிடுகிறது. ஆவணி வெக்கையில் அச்சு தானாகவே இதமாக இருந்தது, கார்த்திகையில் அப்படி இருக்குமா? 50, 60 பாகைக்கு அச்சைச் சூடாக்கிக்கொள்ளும், அல்லது முதல் இரண்டு மூன்று வார்ப்பைக் கழிவு என்று ஒதுக்கிவிடும். கழிவு வீணாகாது, அப்படியே கோப்பைக்குப் போகலாம். குழி விழுவது ஆறும்போது சுருங்குவதால். அச்சு நிரம்பியதும் இன்ஜெக்டரைப் பிடுங்காமல், அழுத்தியபடி பத்துச் செக்கன் பிடியும். சுருங்கச் சுருங்க வாயிலிருந்து உள்ளே இழுபட வேண்டும். எடுக்கும்போது வாயில் ஒரு சிறு குமிழாகப் பிளாஸ்ரிக் நிற்கட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். இரையின் ஓரத்தில் செதில் போல மெல்லிய சவ்வு வருகிறதென்றால் அச்சின் இரு பாதிகளுக்கும் இடையில் தூசி இருக்கிறது, அல்லது இறுக்கி ஒருபக்கம் தளர்ந்திருக்கிறது.

குமிழிக்கு வருவோம். கிழிந்த இரைகளை உருக்கிச் சேர்ப்பதாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர். அந்த இரை எங்கே கிடந்தது? கடல்நீரேரியில். மீன் கடித்த வாயிலும் தூண்டில் முள் போன துளையிலும் உப்புத் தண்ணீர் இருக்கிறது. வெளியே துடைத்தாலும் உள்ளே காயாது. உப்பு மழைக்காலக் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். கோப்பைக்குள் சடசட என்று சத்தம் கேட்டிருந்தால் அது தண்ணீர்தான். ஈரக் கத்தரிக்காயைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் என்ன நடக்கும் என்று அம்மாவிடம் கேளும். எண்ணெய் தெறித்தால் துடைக்கலாம், இது தோலில் ஒட்டிக்கொண்டு நின்று சுடும்.

நான் பட்டவன். ஒரு கார்த்திகையில் பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸில் சொந்தமாக அச்சுச் செய்து, இரண்டு நாள் விறாந்தையில் வைத்து, தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று ஊற்றினேன். ஊற்றிய வாயிலிருந்து குபுக்கென்று திரும்பி வந்தது. இடது மணிக்கட்டில் அந்த வடு இன்னும் இருக்கிறது. அதன் பிறகு சமையல் தராசு ஒன்றை எடுத்து அடுத்த அச்சை நாள்தோறும் நிறுத்தேன். 640 கிராமில் தொடங்கியது, பதினொரு நாள் குறைந்துகொண்டே போய் 460இல் நின்றது. நிறை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம், தொட்டுப் பார்க்கும் விரல் பொய் சொல்லும். பழைய இரைகளுக்கும் இதையே செய்யும். நீளவாட்டில் பிளந்து, நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காற்றோட்டமாகப் பரப்பி, நிறை நிற்கும்வரை காயவிடும்.

குமிழி எல்லாம் ஈரத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். போத்தலின் அடியில் பிவிசி மாவு படிந்துவிடும் என்பதால் குலுக்கத்தான் வேண்டும். குலுக்கிய கையோடு ஊற்றினால் காற்றும் சேர்ந்து வரும், அரை மணி நேரம் ஆறவிடும். இன்ஜெக்டரின் மூக்கு ஆடைக்குக் கீழே ஆழத்தில் இருக்க வேண்டும், மேலே நின்றால் காற்றைக் குடிக்கும். உடம்பெங்கும் பொடிக் குமிழி என்றால் ஈரம், ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய குமிழி ஒன்றிரண்டு என்றால் உறிஞ்சிய காற்று. பழைய இரை ஒன்றும் சேர்க்காமல் புதுப் பிளாஸ்ரிசோல் மட்டும் ஒரு கோப்பை உருக்கி வாரும். குமிழி இல்லாமல் வந்தால் கள்ளன் பிடிபட்டான்.

அம்மா ஏசுவது நூற்றுக்கு நூறு சரி. பிவிசி கருகும்போது ஐதரசன் குளோரைட்டு வருகிறது. தண்ணீர் பட்டால் அமிலமாகும் வாயு அது, உமது மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் ஈரம்தானே இருக்கிறது. துணி முகக்கவசம் அதற்குச் சல்லடை மாதிரி. மைக்ரோவேவையும் கோப்பையையும் இன்றைக்கே குசினியிலிருந்து தூக்கும். அவை இனிச் சாப்பாட்டுக்கு ஆகாது. பின் விறாந்தையில், சாரல் அடிக்காத மூலையில் வையும். காலுக்குச் சப்பாத்து, கைக்குத் தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. சாரத்தோடு நின்று இந்த வேலை செய்யக் கூடாது. புகை கிளம்பினால் மைக்ரோவேவின் கதவைத் திறக்காமல் சுவிட்சை நிறுத்திவிட்டு வெளியே போய் நில்லும்.

செருப்பு விஷயம்: வேண்டாம். பஞ்சு போன்ற செருப்பு அநேகமாக வேறு இனப் பிளாஸ்ரிக், பிளாஸ்ரிசோலோடு கலக்காது. என்னவென்று தெரியாத பொருளைச் சுட்டு அதன் புகைக்கு முன்னால் நிற்கும் யோசனையைச் சொன்ன நண்பரை, அடுத்த முறை உருக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளாதேயும்.

மச்சானிடம் கேட்பதானால் இன்ஜெக்டரின் அளவுக்குச் சிலிக்கோன் ஓ-றிங் நாலு, உள்ளே விட்டு அளக்கும் வெப்பமானி ஒன்று, அமில வாயுவுக்கான வடிகட்டி பொருத்திய முகக்கவசம் ஒன்று கேளும். ஒரு சின்னப் பொதிக்குள் எல்லாம் அடங்கும்.