ஜப்பானுக்கு வேலைக்கு வர்றேன், வீட்டு சாமானெல்லாம் ஜப்பான் கடை நிடோரில வாங்கலாமா, இல்ல ஸ்வீடன் கடை ஐக்கியாவா?

நான் டோக்கியோ நிஷிகசாய்ல இருக்கேன், ரெண்டு வீடு மாறியாச்சு, அந்த அனுபவத்துல சொல்றேன். முதல் வீட்டு சாவிய வாங்கிட்டு உள்ள போய் சுவிட்ச போட்டா லைட் எரியல. கரண்ட் இன்னும் குடுக்கலயோன்னு ஏஜென்ட்டுக்கு போன் பண்ணா, "லைட்டே இல்லயே, நீங்கதான் வாங்கி மாட்டணும்"னு சாவகாசமா சொல்றாரு. இங்க வாடகை வீடுன்னா பெரும்பாலும் மொட்டை சுவரும் சீலிங்ல மாட்டுறதுக்கு ஒரு பிளக்கும்தான். லைட்டு, கர்ட்டன், சில வீட்ல கேஸ் அடுப்பு கூட நாமதான் கொண்டு வரணும். அன்னிக்கு மொபைல் டார்ச்ல சாப்பிட்டு படுத்தோம், மறுநாள் காலைல நேரா நிடோரி.

ஐக்கியா நல்லாத்தான் இருக்கும், நான் குறை சொல்லல. அவங்களே 1974ல ஜப்பானுக்கு வந்து, ஓடாம 1986ல கிளம்பிப் போய், அப்புறம் 2006ல திரும்ப வந்தவங்க. ஆனா பெரிய கடைங்க ஊருக்கு வெளிய இருக்கும், எண்ணிக்கையும் கம்மி. நிடோரி அப்படி இல்ல, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணு இருக்கும், சாமானும் இங்கத்த சின்ன வீட்டுக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும்.

நிடோரிங்கறது 1967ல சப்போரோல அகியோ நிடோரின்னு ஒருத்தர் ஆரம்பிச்ச சாதாரண ஃபர்னிச்சர் கடை. அவருக்கு கஸ்டமர்கிட்ட பேசி விக்கவே வராதாம், வியாபாரத்த தூக்கி நிறுத்தினது அவரு சம்சாரம்தான். 1972ல அமெரிக்கா போய் அங்க ஃபர்னிச்சர் விலைய பாத்து ஆடிப்போய், நம்ம ஊர் ஜனத்துக்கும் இந்த விலைல குடுக்கணும்னு 30 வருஷத்துல 100 கடைன்னு கணக்கு போட்டாரு, 2003ல 100 கடை வந்துருச்சு. வியட்நாம்ல சொந்த ஃபேக்டரி வச்சு அவங்களே செஞ்சு அவங்களே கொண்டு வந்து விக்கறாங்க, விலை இறங்குற ரகசியம் அதான். டிவில ஓயாம ஓடற விளம்பர வரி "ஓ, நெதான் இஜோ", அதாவது அட, குடுத்த காசுக்கு மேலயே இருக்கேன்னு அர்த்தம். என் கணக்குல பாதி சாமானுக்கு அது உண்மை.

நான் பண்ண முட்டாள்தனம் கர்ட்டன்ல. ரெடிமேட் கர்ட்டன் 100 செமீ அகலம், உயரம் 135, 178, 200னு வரும். நான் அளக்காம குத்துமதிப்பா 178 எடுத்துட்டு வந்து பால்கனி கதவுல மாட்டினா, வேட்டிய மடிச்சு கட்டின மாதிரி கணுக்காலுக்கு மேல தொங்குது. ஒரு வருஷம் அப்படியே ஓட்டினோம். அதனால கடைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு டேப் வாங்குங்க, ஜன்னல மட்டும் இல்ல, வாசக்கதவு, லிஃப்ட் எல்லாத்தையும் அளங்க. மெத்தை சிங்கிள்னா இங்க 97 செமீ, டபுள் 140, ஊர்லேர்ந்து கொண்டு வந்த பெட்ஷீட் எதுவும் ஒழுங்கா பொருந்தல.

வெயில் காலத்துக்கு "N கூல்"னு ஒரு விரிப்பு விக்கறாங்க, தொட்டா ஜில்லுனு இருக்கும். (அம்மாகிட்ட போன்ல சொன்னா, "கூழா? அத ஏன்டா படுக்கைல விரிக்கற"ங்கறாங்க.) குளிருக்கு "N வார்ம்", இது கண்ண மூடிட்டு வாங்கலாம். அப்புறம் குட்டி இரும்பு சட்டி ஒண்ணு இருக்கு, ஜப்பான்காரங்க செல்லமா "நிடோஸ்கி"ம்பாங்க. எங்க வீட்ல தாளிக்கறது, ஒத்த ஊத்தப்பம் ஊத்தறது எல்லாம் அதுலதான், ஆனா கழுவி ஈரத்தோட வச்சீங்கன்னா துரு பிடிச்சுரும்.

பெரிய சோஃபா மட்டும் அவசரப்பட்டு வாங்காதீங்க. இங்க வாங்கறத விட தூக்கிப் போடறதுதான் கஷ்டம், சோதாய் கோமின்னு, அதாவது பெரிய சாமான் குப்பைன்னு முனிசிபாலிட்டில முன்கூட்டியே புக் பண்ணி, கடைல ஸ்டிக்கர் காசு குடுத்து வாங்கி ஒட்டி, அவங்க சொன்ன தேதில காலைல கீழ இறக்கி வைக்கணும். நானும் பக்கத்து வீட்டு அண்ணாவும் மூணாவது மாடிலேர்ந்து எங்க பழைய சோஃபாவ இறக்குனப்ப படிக்கட்டு திருப்பத்துல மாட்டிக்கிச்சு, மேல ஏத்தவும் முடியல கீழ இறக்கவும் முடியல, கடைசில சோஃபா காலக் கழட்டித்தான் இறக்கினோம். இப்ப தரைல உக்கார்ற குஷன்தான் எங்க வீட்ல, ஊர்லேர்ந்து வர்றவங்களுக்கும் அதான் வசதியா இருக்கு.